நட்டைத் திருகினால் போதுமா? முன்சக்கர பிரேக் பராமரிப்பு

வாகனக் கடனின் கடைசித் தவணையைச் செலுத்தி, பதிவுச் சான்றிதழிலிருந்து வங்கியின் பெயரை நீக்கிய பிறகு மோட்டார் சைக்கிள் முழுமையாக நம்முடையதாகிறது. அதன்பின் பல ஆண்டுகள் அது நம் குடும்பத்தைச் சுமக்கிறது. எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றும் நாம், முன்சக்கர பிரேக்கை மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்தின் மீது சாய்கிறது. அதனால் முன்சக்கரத்தின் பிடிமானம் கூடி, பின்சக்கரத்தின் பிடிமானம் குறைகிறது. ஆகவே வண்டியை நிறுத்தும் பணியில் பெரும்பங்கு முன் பிரேக்கையே சாரும். முன் பிரேக்கைப் பிடித்தால் விழுந்துவிடுவோம் என்ற அச்சம் பலரிடம் உண்டு. மணற்பரப்பிலோ, ஹேண்டில்பார் திரும்பிய நிலையிலோ திடீரென அழுத்தும்போதுதான் அந்த ஆபத்து மிகுதி. இரு பிரேக்குகளையும் சேர்த்துச் சீராக அழுத்துவதே முறை.

நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்கு உட்பட்டவற்றுக்குக் குறைந்தது சி.பி.எஸ். அமைப்பும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய 100 சி.சி. வண்டிகள் பெரும்பாலானவற்றில் இவ்வசதிகள் இல்லை. முன்சக்கரத்தில் எளிய டிரம் பிரேக்கே உண்டு. லிவரை அழுத்தினால் கேபிள் இழுபட்டு, கேம் என்னும் சிறு உறுப்பு சுழன்று, இரு பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மோடு உராயச் செய்கிறது.

ஷூவின் மேற்பூச்சு தேயத் தேய லிவர் தளர்கிறது. அட்ஜஸ்டிங் நட்டைத் திருகியதும் லிவர் மீண்டும் இறுகுகிறது. பழுது நீங்கியதாக நாம் நிறைவடைகிறோம். ஆனால் தேய்ந்த ஷூ தேய்ந்தபடியே உள்ளே இருக்கிறது. அளவுக்கு மீறித் தேய்ந்தால் கேம் தன் எல்லையைக் கடந்து சுழன்று, சக்கரம் இறுகிப்போகவும் கூடும். இதை அறிவதற்காகவே பல வண்டிகளில் சக்கரத்தின் பக்கத்தட்டில் அம்புக்குறி ஒன்று உண்டு. லிவரை முழுவதும் அழுத்தும்போது அம்பு எல்லைக்கோட்டைத் தொட்டால், அதன்பின் நட்டைத் திருகிப் பயனில்லை. ஷூவை மாற்றியே ஆகவேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை:

• ஷூக்களை இணையாகவே மாற்ற வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங்குகளையும், இழை பிரிந்த கேபிளையும் உடன் மாற்றுவது நலம்.

• டிரம்மில் படிந்த தூசியைக் காற்றால் ஊதக் கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பானது.

• கேமுக்குச் சிறிதளவு கிரீஸ் போதும். ஷூவின் மேற்பூச்சில் கிரீஸ் படிந்தால் பிரேக் பிடிக்காது.

• டிரம்மில் ஆழ்ந்த கோடுகள் விழுந்திருந்தாலோ, அதன் உள்விட்டம் அதில் பொறிக்கப்பட்ட உச்ச அளவைத் தாண்டியிருந்தாலோ, புதிய ஷூ மட்டும் உதவாது.

• சக்கரத்தைப் பொருத்தும்போது, பக்கத்தட்டின் பள்ளம் ஃபோர்க்கில் உள்ள முனையோடு சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் தட்டே சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

• வேலை முடிந்ததும் சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும். லிவரில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். அதன் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். புதிய ஷூ டிரம்மோடு படியும் வரை சில நாட்கள் மிதமான வேகமே நன்று.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் பேடின் தடிமனைப் பார்ப்பதோடு, பிரேக் திரவத்தைக் கையேடு கூறும் கால அளவில், பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, மாற்ற வேண்டும். அத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். தேய்மானத்தால் வரும் பழுதுக்கு வாகனக் காப்பீடு இழப்பீடு தருவதில்லை. பதிவு செய்து 15 ஆண்டுகள் முடிந்தபின் பதிவைப் புதுப்பிக்க வண்டி ஆய்வுக்கும் உட்பட வேண்டும். மாதத் தவணை நின்றபின் மிஞ்சும் தொகையில் ஒரு சிறு பகுதியைப் பராமரிப்புக்கென ஒதுக்கிவைத்தால் இச்செலவு சுமையாகாது. அசல் உதிரிபாகங்களை ரசீதுடன் வாங்குவோம். கழற்றிய பழைய ஷூவை மெக்கானிக்கிடம் கேட்டுப் பார்ப்போம். அடுத்த முறை நட்டைத் திருகச் சொல்லும் முன், அம்புக்குறியை ஒருமுறை நோக்குவோம்.