துறவியின் சம்பளத்தில் வாங்கிய கோப்பை

கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1911இல் தத்துவப் பேராசிரியராகச் சேர்ந்தார் எட்வின் ஃபிட்ஸ்கிப்பன். கப்புச்சின் சபைத் துறவி. மறு வருடமே ஆண்டுச் சம்பளத்தின் பெரும்பகுதியைப் போட்டு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தார். வறுமை விரதம் பூண்டவருக்குச் சம்பளம் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ! அயர்லாந்துப் பல்கலைக்கழகங்கள் ஹர்லிங்கில் இன்றும் மல்லுக்கட்டுவது அந்த 'ஃபிட்ஸ்கிப்பன் கோப்பை'க்காகத்தான்.

ஹர்லிங்கில் பக்கத்துக்கு 15 பேர். ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி அகன்ற மட்டை. சிறிய தோல் பந்து. மட்டை நுனியில் பந்தை ஏந்தியபடியே தலைதெறிக்க ஓடுவார்கள். கோல் கம்பங்களின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே அடித்தால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி.

முதல் கோப்பை டப்ளின் கல்லூரிக்குப் போனது. வெகுகாலம் டப்ளின், கார்க், கால்வே ஆகிய மூன்று கல்லூரிகளின் ராஜ்ஜியம்தான். இடையில் 1953இல் பெல்ஃபாஸ்ட்டின் குயின்ஸ் பல்கலைக்கழகம் ஒரு முறை புகுந்து தட்டிச் சென்றது. பாதிரிமார்களை உருவாக்கிப் பேர்பெற்ற மேனூத் 1973, 74இல் அடுத்தடுத்து வென்றது.

ஐரிஷ்காரர்களுக்கு ஹர்லிங் என்றால் கவுண்டிப் பற்று, அதாவது சொந்த மாவட்டப் பற்று. கார்க்காரருக்கும் டிப்பரரிக்காரருக்கும் மைதானத்தில் ஜென்மப் பகை. ஆனால், கல்லூரி ஜெர்சியைப் போட்டுவிட்டால் இருவரும் ஒரே அணி. இந்தக் கோப்பையின் ருசியே அதில்தான் இருக்கிறது என்பேன். 1981 முதல் 1988 வரை தொடர்ந்து எட்டு முறை வென்ற கார்க் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் மைக்கேல் ஓ'பிரையன், அவரும் ஒரு பாதிரியார். அவரிடம் ஆடி ஐந்து பதக்கங்கள் வாங்கிய நிக்கி இங்லிஷோ அசல் டிப்பரரிக்காரர்! 1989இல் டிப்பரரி அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற இறுதிப் போட்டியில் 2 கோல், 12 புள்ளி அடித்தவர் அவர். மறு வருடம் மன்ஸ்டர் மாகாண இறுதியில் அதே டிப்பரரியை வீழ்த்தியது கார்க் கவுண்டி. கார்க் அணியைத் தயார்செய்தவர்களில் முக்கியமானவர் ஓ'பிரையன்தான். கல்லூரி உறவு கல்லூரியோடு. கவுண்டி என்று வந்துவிட்டால் தயவுதாட்சண்யம் கிடையாது.

கார்க் கல்லூரியின் அந்த ஆதிக்கத்துக்குப் பிறகு வாட்டர்ஃபோர்ட், லிமெரிக் நகரக் கல்லூரிகள் எழுந்தன. லிமெரிக்கில் மேரி இமாக்குலேட் என்றொரு சிறிய கல்லூரி. ஆசிரியைகளை உருவாக்குவதற்காகக் கன்னியர் தொடங்கியது, மாணவிகளே அதிகம். ஹர்லிங் ஆடப் பையன்களைத் தேடிப்பிடிக்க வேண்டிய அந்தக் கல்லூரி, 2016 இறுதிப் போட்டியில் அதே ஊரின் பெரிய பல்கலைக்கழகத்தைக் கூடுதல் நேரத்தில் சாய்த்தது. அடுத்த வருடமும் கோப்பையை விட்டுக்கொடுக்கவில்லை.