செருப்பு தைக்கக் கற்றுக் கொடுத்த காந்தி குற்றால அருவியில் குளிக்க மறுத்தார்!
தென்காசி,
குற்றாலத்துக்கு வருகிறவர்களின் செருப்பு வார் அறுந்தால் செருப்பு தைப்பவரைத்தான் தேடுவார்கள். அந்தத் தொழிலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தவர் மகாத்மா காந்தி.

தென் ஆப்பிரிக்காவில் 1910-ல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் இது நடந்தது. அவருடைய நண்பர் காலன்பாக், ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்பு தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார். பிறகு, விருப்பப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளும் படித்தனர்.

குளிக்கவில்லை

1934-ல் காந்தி குற்றாலம் வந்தார். ஜில்லென்று கொட்டும் அருவி. ஆனால் அரிஜனங்கள் அங்கே குளிக்கக் கூடாது என்று தெரிந்ததும், குளிக்காமலே திரும்பி விட்டார்.

ஊருக்கெல்லாம் செருப்பு தைத்தவனுக்கு அருவித் தண்ணி கிடையாதாம்! என்ன நியாயம்?

இன்று அருவி எல்லாருக்கும் பொது.