ஐந்து வாளித் தண்ணீர்

உலகப் படத்தில் தேடினாலும் எளிதில் அகப்படாத சிற்றாறு ஃபெனி. இந்தியாவின் திரிபுராப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் இது, சிறிது தூரம் இரு நாடுகளுக்கும் எல்லையாகவே ஓடுகிறது. ஒரு கரையில் இந்தியாவின் சப்ரூம். எதிர்க்கரையில் பங்களாதேஷின் ராம்கர். பின்னர் முற்றாகப் பங்களாதேஷுக்குள் புகுந்து வங்காள விரிகுடாவில் சேர்கிறது.

வாசலில் ஆறு ஓடியும் சப்ரூம் மக்களுக்குக் குடிநீர்க் கஷ்டம். அங்கு நிலத்தடி நீரில் இரும்பு அதிகம். அத்தகைய நீரை அள்ளிவைத்தால் பழுப்பேறும். துவைத்த வெள்ளை உடுப்பும் கறைபடும். ஆனால் எல்லை ஆற்றில் நினைத்தபடி நீர் எடுக்க முடியுமா?

2019 ஒக்டோபரில், மனிதாபிமான அடிப்படையில் நீர் தரப் பங்களாதேஷ் இணங்கியது. செக்கனுக்கு 1.82 கன அடி. அதாவது சுமார் 51 லீற்றர். நம் வீட்டுக் கணக்கில் ஐந்து வாளி!

இதற்குமா எதிர்ப்பு என்று கேட்பீர்கள். கழிமுகத்தருகே அணைகட்டித் தேக்கிய நீரை நம்பிப் பயிரிடும் விவசாயிகள் பங்களாதேஷில் இருக்கிறார்கள். தீஸ்தா என்ற பெரிய ஆற்றின் பங்கீட்டு ஒப்பந்தமோ 2011இல் கைச்சாத்தாகாமல் நின்றுபோனது. அந்த மனத்தாங்கல் இங்கே வெடித்தது. இந்த உடன்பாட்டையும் கண்டித்து எழுதிய பொறியியல் மாணவர் ஒருவர், டாக்காவில் சக மாணவர்களால் அடித்துக் கொல்லப்பட்டார். ஒரு தாய் மகனை இழந்தாள்.

2021 மார்ச்சில் இரு கரைகளையும் இணைத்துப் பாலம் திறக்கப்பட்டது. குடத்தோடு நிற்பவளின் தாகமும் நியாயம். வயலைப் பார்த்து நிற்பவனின் அச்சமும் நியாயம். இரண்டையும் கேட்டு அளந்தால்தான் ஆறு இருவருக்கும் சொந்தமாகும்.