கதைகள் காட்டும் சர்வாதிகாரம்

மாணவ நண்பர்களே,

பெரியதாழையில் பிறந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இன்று உங்களிடம் சில கதைகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவை எங்கும் இல்லாத நாடுகளைப் பற்றிய கதைகள். ஆயினும், இருக்கின்ற நாடுகள் எவ்வழியில் கெடும் என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன.

மக்கள் அனைவரும் குறைவின்றி வாழும் நாடொன்றைக் கற்பனையில் படைப்பது அறிஞர்களின் பழைய வழக்கம். இங்கிலாந்தின் தாமஸ் மூர் 1516-ஆம் ஆண்டில் ‘யுட்டோப்பியா’ என்னும் தீவை அவ்வாறு படைத்தார். இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் தலைகீழாயிற்று. உலகப் போர்களையும் சர்வாதிகார ஆட்சிகளையும் கண்ட எழுத்தாளர்கள், மனிதன் மனிதனாக வாழ இயலாத நாடுகளைப் படைத்து நம்மை எச்சரித்தனர்.

அவர்களுள் முன்னோடி ருஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி சமியாத்தின். அவருடைய ‘நாம்’ என்னும் நாவலில் மக்களுக்குப் பெயர் இல்லை, எண்களே உண்டு. வீட்டுச் சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1924-இல் வெளிவந்தது. அவர் பிறந்த நாட்டிலோ 1988-இல்தான் அச்சேறியது. 1932-இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி வெளியிட்ட நாவலில் அரசு எவரையும் அடிப்பதில்லை. ‘சோமா’ என்னும் மாத்திரையைக் கொடுத்து அனைவரையும் களிப்பில் ஆழ்த்திவிடுகிறது. 1953-இல் ரே பிராட்பரி எழுதிய நாவலிலோ தீயணைப்புப் படையினர் தீயை அணைப்பதில்லை; நூல்களைத் தேடிச் சென்று எரிக்கின்றனர். இது வெறுங்கற்பனை என்று எண்ண வேண்டா. 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின.

இவ்வரிசையில் மிகவும் புகழ் பெற்றது ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட ‘1984’ என்னும் நாவல். க. நா. சுப்ரமண்யம் அதனைத் தமிழில் தந்துள்ளார். ஆர்வெல் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். 1903-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் பீகாரிலுள்ள மோத்திஹாரியில் பிறந்தவர். பர்மாவில் காவல்துறை அதிகாரியாக இருந்தவர். 1941 முதல் 1943 வரை லண்டன் பி.பி.சி.யில் இந்திய நேயர்களுக்கான உரைகளைத் தயாரித்தவர். போர்க்காலத் தணிக்கையின் கீழ் வானொலிக்கு எழுதுவது எத்தகையது என்பதை உள்ளிருந்தே அறிந்தவர் அவர்.

சரி, கொடுங்கோல் மன்னர்கள் பண்டைக் காலத்திலும் இருந்தார்களே, இந்நூல்கள் புதிதாகக் கூறுவது யாது என்று நீங்கள் கேட்கலாம். வள்ளுவர் கொடுங்கோன்மைக்கு ஒரு தனி அதிகாரமே வகுத்துள்ளார். ஆயினும் பழைய கொடுங்கோலுக்கும் புதிய சர்வாதிகாரத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதனை நாம் அனைவரும் அறிந்த சிலப்பதிகாரத்தைக் கொண்டே விளக்குகிறேன்.

கோவலனைத் தீர விசாரியாமல் கொல்வித்தான் பாண்டியன். கண்ணகி அவைக்கு வந்து வழக்குரைத்தாள். அரசியின் சிலம்பிலுள்ள பரல் முத்து என்றான் மன்னன். அம்முத்து நம் கொற்கைக் கடலில் எடுத்ததாகவும் இருக்கலாம். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் கண்ணகி. சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, மன்னன் தன் பிழையை உணர்ந்து அரியணையிலேயே உயிர் துறந்தான். பாண்டியன் செய்தது பெருங்கொடுமை. ஆனால் அவனுடைய அவையில் மூன்று பொருள்கள் எஞ்சியிருந்தன: உடைத்துப் பார்க்க ஒரு சிலம்பு, அஞ்சாமல் பேச ஒரு வாய், கேட்டு நாண ஒரு நெஞ்சு.

இதே வழக்கு ஆர்வெலின் நாட்டில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண்ணகி அவைக்கு வருமுன்பே அச்சிலம்பு மறைந்திருக்கும். புகார் நகரத்து ஏடுகளில் கோவலன் என்ற பெயரே இராது. அரசியின் சிலம்பில் என்றும் மாணிக்கமே இருந்தது என்று புதிய ஏடு எழுதப்பட்டிருக்கும். அதைவிடக் கொடியது, இறுதியில் கண்ணகியே அதை நம்பத் தொடங்கியிருப்பாள். பழைய கொடுங்கோலன் உண்மையை மறைத்தான். புதிய சர்வாதிகாரம் உண்மையைத் தானே உற்பத்தி செய்கிறது. இந்த உற்பத்தி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஆர்வெல் படிப்படியாக விளக்குகிறார்.

முதலாவது, கண்காணிப்பு. ‘1984’ நாவலில் கட்சியினரின் வீடுதோறும் சுவரில் ஒரு திரை இருக்கிறது. அது பேசும்; நம்மைப் பார்க்கவும் செய்யும். எந்நேரத்தில் பார்க்கிறது என்பது எவருக்கும் தெரியாது. ஆதலின் எந்நேரமும் பார்க்கிறது என்று எண்ணியே ஒவ்வொருவரும் தம் முகத்தைக்கூடத் திருத்தி வைத்துக்கொள்கின்றனர். காவலன் வெளியில் இருந்த நிலை மாறி, அவரவர் உள்ளத்திலேயே குடியேறிவிடுகிறான்.

இரண்டாவது, சொற்கள். போரை நடத்தும் துறைக்கு அமைதித் துறை என்று பெயர். பொய் புனையும் துறைக்கு உண்மைத் துறை என்று பெயர். வதைக்கும் துறைக்கோ அன்புத் துறை என்று பெயர். அகராதி ஆண்டுதோறும் சிறுத்துக்கொண்டே போகிறது. உரிமை என்ற சொல்லே இல்லாதவன் உரிமை வேண்டும் என்று எவ்வாறு கேட்பான்?

மூன்றாவது, ஏடுகள். கதைத் தலைவன் வின்ஸ்டன் உண்மைத் துறையில் எழுத்தர். பழைய செய்தித்தாள்களை இன்றைய அரசின் கூற்றுக்கேற்பத் திருத்தி எழுதுவது அவன் வேலை. மூலப் பிரதிகள் ஒரு துவாரத்தின் வழியே உலைக்குப் போய்விடும்.

நான்காவது, ஒருவரை ஒருவர் நம்பாமை. பக்கத்து வீட்டுச் சிறுமி தன் தந்தையைக் காட்டிக் கொடுக்கிறாள். அவரோ அவளை எண்ணிப் பெருமைப்படுகிறார். இறுதியில் வின்ஸ்டன் தான் நேசித்தவளையே காட்டிக் கொடுக்கும்படி செய்யப்படுகிறான். உண்மை நிலைபெறச் சான்று மட்டும் போதாது. சொல்ல ஒருவரும் கேட்க ஒருவரும் வேண்டும். அவ்விருவருக்கும் இடையிலுள்ள நம்பிக்கையை அறுத்துவிட்டால் மற்ற வேலைகள் எளிதாகிவிடுகின்றன.

இவை நம் நாட்டோடு தொடர்பில்லாதவை என்று கருதிவிடாதீர்கள். 1975-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் இரவு, ஆர்வெல் பிறந்த அதே நாளில், இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அன்றிரவு டெல்லியில் செய்தித்தாள் அச்சகங்களுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. மறுநாள் காலை பிரதமர் இந்திரா காந்தி அகில இந்திய வானொலியில் நாட்டு மக்களுக்கு அதனைத் தெரிவித்தார். பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை வந்தது. ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ ஜூன் 28-ஆம் நாள் தலையங்கப் பகுதியை வெற்றிடமாகவே விட்டு அச்சிட்டது. நாடெங்கும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். அதற்குப் பயன்பட்ட சட்டத்தின் பெயரில் ‘பாதுகாப்பு’ என்னும் சொல் இருந்தது! தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-ஆம் நாள் மாநில அரசு கலைக்கப்பட்டது. சென்னை மத்தியச் சிறையில் அடிபட்ட முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு 1977-இல் உயிர் துறந்தார்.

அப்பொழுது நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் என் சித்தப்பா நாள்தோறும் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். வலை பொத்துவோர் சுற்றிலும் அமர்ந்து கேட்பார்கள், இடையிடையே வழக்காடுவார்கள். கச்சான் காற்று மணலை வாரி இறைத்த அந்த ஆனி மாதத்தில், கடைக்காரர் ஒரு சிலேட்டுப் பலகையில் ‘இங்கு அரசியல் பேச வேண்டா’ என்று எழுதி மாட்டினார். சித்தப்பாவும் திரைப்படச் செய்திகளை மட்டும் படிக்கலானார். அப்பலகையை மாட்டும்படி எவரும் ஆணையிடவில்லை. எந்த அதிகாரியும் எங்கள் ஊருக்கு வரவில்லை. மோத்திஹாரியில் பிறந்த எழுத்தாளரைப் பற்றி எங்களில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் அவர் எழுதிய திரை எங்கள் கடைச் சுவரிலும் தொங்கியது. பிற்காலத்தில் அந்நாவலைப் படித்தபோது, சுண்ணக்கட்டியால் எழுதிய அந்தச் சிலேட்டுத்தான் என் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். சர்வாதிகாரம் தலைநகரத்தில் மட்டும் பிறப்பதன்று. தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற புதிதில், ஒழுங்கை நிலைநாட்ட எண்ணி, பள்ளி வாயிலில் ஒரு பெட்டி வைத்தேன். தவறு செய்பவரின் பெயரை எழுதிப் போடலாம். எழுதுபவர் தம் பெயரைத் தெரிவிக்க வேண்டா என்றேன். முதல் வாரம் நான்கைந்து சீட்டுகள் விழுந்தன. ஒரு மாதத்திற்குள் பெட்டி நிறைந்தது. பள்ளியும் அமைதியாயிற்று, நான் மகிழ்ந்தேன். ஒருநாள் ஒரு சீட்டில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பெயரையே எழுதியிருந்தான். அழைத்துக் கேட்டேன். “மற்றவர்கள் எழுதுவதற்கு முன்னே நானே எழுதிவிட்டேன் ஐயா” என்றான். என்ன தவறு செய்தாய் என்று கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று மாலையே பெட்டியை எடுத்துவிட்டேன். ஆனால் பிள்ளைகள் மீண்டும் ஒருவரோடொருவர் தாராளமாகப் பேசுவதற்கு அவ்வாண்டு முழுவதும் தேவைப்பட்டது. நான் கண்ட அமைதி ஒழுங்கின் அமைதி என்று அதுவரை நம்பியிருந்தேன்.

நாவலில் வின்ஸ்டன் தோற்கிறான். நம் நாட்டு வரலாறு அவ்வாறு முடியவில்லை. அதற்குக் காரணம், சிலம்பைக் கைவிடாத சிலர் இருந்தமையே. 1976 ஏப்ரல் 28-ஆம் நாள், நெருக்கடி நிலையின்போது சிறைப்பட்டவர் தம் விடுதலைக்காக நீதிமன்றத்தை நாட இயலாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தனர். எச். ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். தலைமை நீதிபதிப் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. 2017-இல், அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, அந்தப் பழைய தீர்ப்பு பிழையெனத் தள்ளப்பட்டது. அவ்வாறு தள்ளி எழுதியவர், அந்நால்வருள் ஒருவரான ஒய். வி. சந்திரசூட்டின் மகன் டி. வை. சந்திரசூட்.

மக்களும் தம் கடமையைச் செய்தனர். 1977 மார்ச்சில் நடைபெற்ற தேர்தலில் ஆட்சி மாறியது; நெருக்கடி நிலை நீங்கியது. இந்த ஒரு வாயில் திறந்திருந்தமையால்தான் நாம் ஆர்வெலின் நாட்டிலிருந்து வேறுபட்டோம். பின்னர் நடந்தவற்றை ஆராய்ந்த ஷா விசாரணைக் குழு, 1978-இல் தன் அறிக்கையை அளித்து முடித்தது. காலப்போக்கில் அவ்வறிக்கையின் படிகள் கிடைப்பதற்கு அரியவையாயின. தமிழ்நாட்டு நாடாளுமன்றவாதியான இரா. செழியன் தம்மிடமிருந்த படியைக் கொண்டு, முதுமையிலும் தளராமல், 2010-இல் அதனை மீண்டும் நூலாக வெளியிட்டார். ஒரு மனிதர் தம் புத்தக அலமாரியில் ஒரு நூலைப் பாதுகாத்து வைத்தார். அதனால் ஒரு நாட்டின் நினைவு பிழைத்தது.

மாணவர்களே, இன்று உங்கள் கையிலேயே ஒரு திரை இருக்கிறது. அது பேசுகிறது, நீங்கள் எங்கே போகிறீர்கள், எதை விரும்புகிறீர்கள் என்பதையும் குறித்துக்கொள்கிறது. முன்பு சிலரே செய்த திருத்தும் தொழிலை இன்று எவரும் நொடியில் செய்யலாம். ஆதலின் உங்களிடம் நான் வேண்டுவன சிலவே. ஒரு செய்தியை நம்புமுன் அது முன்பு எவ்வாறு சொல்லப்பட்டது என்று பழைய ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். சிறையைச் சிறை என்றும் பொய்யைப் பொய் என்றும் சொல்லப் பழகுங்கள். கண்ணால் கண்டதை நாளும் நேரமும் இட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். தோழனை அஞ்சி வாழும் நிலைக்கு எவரையும் ஆளாக்காதீர்கள்.

எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் 1977-இல் அந்தச் சிலேட்டு இறங்கியது. கடைக்காரர் அதைத் துடைத்துத் தம் பேரனுக்கு எழுதப் படிக்கக் கொடுத்தார். சித்தப்பா பழையபடி உரக்கப் படித்தார்; வலை பொத்துவோர் பழையபடி வழக்காடினர். அந்த இரைச்சலின் அருமை, இருபத்தொரு மாதம் அதை இழந்திருந்த எங்களுக்குத் தெரிந்தது. அதை இழக்காமலே அதன் அருமையை நீங்கள் உணர்வதற்காகத்தான் இக்கதைகள் எழுதப்பட்டிருக்கின்றன.