30 டாலர் சம்பளம். 25 டாலர் வீட்டுக்கு!

அமெரிக்காவைப் பணக்கார நாடு என்பார்கள். அந்த நாட்டிலேயே ஒரு காலத்தில் ஜனங்கள் ரொட்டித் துண்டுக்காகத் தெருவில் வரிசையாக நின்றார்கள்!

1929-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க் பங்கு மார்க்கெட் விழுந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பாங்கிகள் முறிந்தன. 1933-ல், உழைக்கக்கூடியவர்களில் ஏறக்குறைய 4 பேருக்கு ஒருவர் வேலை இல்லாமல் தவித்தார்.

வாலிபர்கள் பாடு இன்னும் மோசம். பலர் வீட்டுக்குப் பாரமாக இருக்க மனம் இல்லாமல் வெளியேறினார்கள். சரக்கு ரெயிலில் திருட்டுத்தனமாக ஏறி ஊர் ஊராக அலைந்தார்கள்.

காட்டிலே வேலை

1933 மார்ச் 4-ந் தேதி ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனார். அதே மாதம் 31-ந் தேதி ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதன்படி வாலிபர் வேலைப் படை அமைக்கப்பட்டது. முதல் முகாம் வர்ஜீனியா மாநிலக் காட்டில் ஏப்ரல் 17-ந் தேதி தொடங்கியது.

கலியாணம் ஆகாத, 18 முதல் 25 வயது வரை உள்ள ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை முதலில் சேர்த்தார்கள். முகாம்களை ராணுவம் நடத்தியது. சாப்பாடு, துணி, தங்க இடம், வைத்தியம் எல்லாம் இலவசம். மரம் நடுவது, காட்டுத்தீயை அணைப்பது, மண் அரிப்பைத் தடுப்பது, பாதை போடுவது ஆகியவை வேலை.

தாய்க்குப் போன பணம்

சம்பளம் மாதம் 30 டாலர். அதில் சுமார் 25 டாலரை அரசாங்கமே வீட்டுக்கு அனுப்பியது. பையன் கையில் 5 டாலர்தான். ஆனால் மாதம் பிறந்தால் ஊரில் தாய்க்குப் பணம் போய்ச் சேர்ந்தது. அடுப்பு எரிந்தது. மளிகைக் கடைக்காரருக்கும் வியாபாரம் நடந்தது.

இரவில் படிப்பு

எழுதப் படிக்கத் தெரியாமல் வந்தவர்களும் உண்டு. பகலில் மண்வெட்டி பிடித்த கை, இரவில் பென்சில் பிடித்தது. இப்படி 40 ஆயிரம் பேருக்கு மேல் எழுத்தறிவு பெற்றார்கள்.

குறைகளும் இருந்தன. பெண்களுக்கு இந்தப் படையில் இடம் இல்லை. நிறபேதம் கூடாது என்று சட்டம் சொன்னது. ஆனாலும் நீக்ரோ வாலிபர்களில் பெரும்பாலோர் தனி முகாம்களில்தான் வைக்கப்பட்டார்கள்.

300 கோடி மரங்கள்

இரண்டாவது உலகப் போர் வந்தது. வாலிபர்கள் பட்டாளத்துக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். 1942-ல் படை கலைக்கப்பட்டது.

அந்த 9 ஆண்டுகளில் சுமார் 30 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். சுமார் 300 கோடி மரக்கன்றுகளை நட்டார்கள்! அவர்கள் அமைத்த பூங்காக்களுக்கு இன்றும் ஜனங்கள் குடும்பத்தோடு போய் வருகிறார்கள்.