பழைய ஹோண்டா சி70: எண்ணெய் எங்கிருந்து ஒழுகுகிறது?

அப்பாவின் ஹோண்டா சி70 நிற்கும் இடத்தில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். தோட்டத்தில் பால் வெட்டிய காலத்து வண்டி அது. காலையில் அட்டையில் ஐம்பது காசு அளவுக்குக் கறுப்பு வட்டம் இருக்கும். "பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்" என்பார் அப்பா. ஒருநாள் அளவுக்கோலை வெளியே எடுத்தபோது அதன் நுனியில்கூட எண்ணெய் இல்லை. அதன் பிறகுதான் நான் திருப்புளியைக் கையில் எடுத்தேன்.

பினாங்கு வணிகர் லோ பூன் சியூ 1958இல் ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். அன்று முதல் இந்தக் 'கப்சாய்' ஓடாத தோட்டமும் கம்பமும் குறைவு. ஆனால் சி70 இயந்திரம் ஏறக்குறைய முக்கால் லிட்டர் எண்ணெய்தான் பிடிக்கும். அதில் பாதி ஒழுகிப் போனாலே மேலே உள்ள கேம் தண்டும் பிஸ்டனும் தேயத் தொடங்கிவிடும். பின் சக்கரத்தில் எண்ணெய் பட்டால், மழையில் வளைவு திரும்பும்போது வண்டி சறுக்கிவிடும்.

பலரும் ஈரமாகத் தெரியும் இடத்தையே கழற்றிவிடுகிறார்கள். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும். அது கீழே இறங்கி வேறெங்கோ சொட்டும். அதனால் இயந்திரம் ஆறியிருக்கும்போது மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். பிறகு முகப்பவுடரைத் தூவி, தாமானைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ அதுதான் கசிவின் தொடக்கம். சங்கிலிக்கு அதிகமாகப் போட்ட எண்ணெயும் சங்கிலி மூடியிலிருந்து சொட்டும். அது தெரியாமல் நான் வடிகால் போல்ட்டின் வாஷரை இரண்டு முறை மாற்றினேன்.

சி70இல் சிலிண்டர் படுத்த வாக்கில் இருப்பதால், டாப்பெட் மூடிகளில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும். கீழ் மூடியின் ரப்பர் வளையம் சூட்டில் இறுகி வெடித்துவிட்டால் எண்ணெய் அங்கிருந்து வழியும். இது மிக மலிவான வேலை. வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். இடது பக்கத்தில் சங்கிலிப் பல்சக்கரத் தண்டின் சீலையும் கியர் தண்டின் சீலையும் பார்க்க வேண்டும். வலது பக்கத்தில் கிக் தண்டின் சீலும் கிளட்ச் மூடியின் கேஸ்கட்டும் இருக்கின்றன. 6 வோல்ட் வண்டியில் பிளைவீலுக்குப் பின்னால் உள்ள சீல் போனால் எண்ணெய் பாயிண்ட்டில் படும்; வண்டி திக்கித் திக்கி ஓடும். அந்த வேலைக்குப் பிளைவீலைச் சுத்தியலால் தட்டாதீர்கள். அதற்கென்றே உள்ள புல்லர் வேண்டும்.

எந்த சீலை மாற்றினாலும் மறுபடியும் ஒழுகுகிறதா? அப்படியானால் இயந்திரத்தின் மூச்சுக்குழாயைக் கவனியுங்கள். பிஸ்டன் கீழே வரும்போது உள்ளே இருக்கும் காற்று அந்தக் குழாய் வழியாக வெளியேற வேண்டும். குழாய் மடங்கியிருந்தாலோ சேற்றில் அடைத்திருந்தாலோ அழுத்தம் கூடி, எந்த இடம் இளகியிருக்கிறதோ அந்த வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். பிஸ்டன் வளையம் தேய்ந்த வண்டியிலும் இதேதான் நடக்கும். புகைக்குழாயில் நீலப்புகை வருவது அதன் அடையாளம். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் கசிவைக் கூட்டும்.

பழைய சீலை எடுக்கும்போது தண்டில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய சீலில் சுருள் கம்பி தெரியும் பக்கம் எண்ணெய் இருக்கும் திசையை, அதாவது உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, அதே அகலமுள்ள சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். பழைய சீல் உரசித் தண்டில் பள்ளம் விழுந்திருந்தால், இடமிருக்கும் அளவில் புதிய சீலைக் கொஞ்சம் முன்னோ பின்னோ உட்கார வைத்தால் உதடு வழவழப்பான பகுதியில் படும்.

மூடிகளில் உள்ள நட்சத்திரத் தலைத் திருகுகள் ஜப்பானிய அளவு. சாதாரண திருப்புளி வழுக்கி அவற்றின் தலையைத் தின்றுவிடும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் திருப்புளி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. பழைய கேஸ்கட்டைச் சுரண்ட இரும்புக் கத்தி வேண்டாம். அலுமினியத்தில் விழும் ஒரு கோடே புதிய கசிவுக்கு வழி. மூடி வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பலகையில் வைத்துப் பாருங்கள். சிலிக்கோன் பசையை அள்ளிப் பூசும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. உள்ளே பிதுங்கும் பசை பிய்ந்து போய் எண்ணெய் வடிகட்டியை அடைத்துவிடும். கசிவை நிறுத்தப் போய் இயந்திரத்தையே கொல்லும் வேலை அது. நல்ல கேஸ்கட் இருந்தால் பசை தேவையில்லை.

திருகுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். "இன்னும் ஒரு சுற்று" என்று நான் இறுக்கியதில் கிளட்ச் மூடியின் ஒரு மரை பிய்ந்து, பட்டறையில் புது மரை போட வேண்டியதாயிற்று. சிலிண்டர் தலையைக் கழற்றும் வேலையைப் பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே ஒரு நட்டுக்குச் செம்பு வாஷர் வரும். அது எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்துக்குப் போக வேண்டும்.

முடித்ததும் ஈரக் கிளட்சுக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள் எண்ணெயை ஊற்றுங்கள். சில கார் எண்ணெய்களால் கிளட்ச் வழுக்கும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அளவுக்கோலைத் திருகாமல் சும்மா இறக்கி அளவு பாருங்கள். திருகிப் பார்த்தால் கோல் ஆழமாக இறங்கி, எண்ணெய் அதிகம் இருப்பதாகக் காட்டும். வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல் போத்தலில் அடைத்து, அதைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.