பெயர் பெற்ற தேயிலையும் சிறு தோட்டத்துத் தேயிலையும்

கேமரன் மலைக்கு வருவோர் தேயிலைப் பொட்டலம் ஒன்று வாங்காமல் ஊர் திரும்புவதில்லை. ஆயினும் எதை வாங்குவது என்று கேட்டால், பெயர் தெரிந்ததை என்பதே பலர் விடை. அவ்விடை முழுதும் தவறன்று. முழுதும் போதுமானதும் அன்று.

(சொல்லைப் பற்றி ஒன்று: தேய்ந்த இலை தேயிலை என்று பிரிக்கும் மாணவர் உண்டு. ‘தே’ சீனத்தின் தென்கிழக்குக் கரைப் பேச்சிலிருந்து வந்த சொல். மலாயில் அது ‘தே’ என்றே வழங்குகிறது. தே, இலை இரண்டுக்கும் இடையே யகரம் உடம்படுமெய்.)

இம்மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கியது போ தோட்டம். 1933-இல் தோன்றியது பாரத். இவை தம் நிலத்தில் கொழுந்தெடுத்துத் தம் ஆலையிலேயே பக்குவப்படுத்துவன. சிறு நிலத்தார் இங்கே காய்கறியும் பூவும் பயிரிடுகின்றனரேயன்றித் தேயிலையை நாடுவதில்லை. முட்டைக்கோசை அறுத்தவுடன் விற்கலாம். தேயிலைக்கு ஆலை வேண்டும்.

மழைக்காலக் கொழுந்துக்கும் வெயில்காலக் கொழுந்துக்கும் சுவை வேறு. ஆனால் வாங்குவோர் சென்ற ஆண்டின் சுவையையே இவ்வாண்டும் எதிர்பார்க்கின்றனர். ஆகவே பெருநிறுவனங்களில் சுவைஞர் பலநாள் தூள்களைக் குடித்துப் பார்த்து, அளவறிந்து கலக்கின்றனர். கலப்பு என்றதும் கலப்படம் என்று எண்ணிவிடலாகாது. மாறாத சுவையைத் தருவது அரிய கைத்திறன். போ நிறுவனமே சுங்கை பாலாஸ் தோட்டத்து இலையைத் தனியே பிரித்து ‘பாலாஸ் சுப்ரீம்’ என விற்கிறது. அதில் அத்தோட்டத்தின் குணத்தைக் காணலாம்.

இதே நிலை பிரான்சின் ஷாம்பேன் நாட்டிலும் உண்டு. நுரைக்கும் திராட்சை மதுவுக்குப் புகழ்பெற்ற அந்நாட்டில், திராட்சை நிலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு பதினாறாயிரம் குடியானவரிடம் உள்ளது. விற்பனையில் பெரும்பங்கோ பெயர்பெற்ற நிறுவனங்களிடம். வெளியூர்த் திராட்சையை நிறுவனங்கள் மலிவாகக் கொணர்ந்து தங்கள் விளைச்சலைப் புறக்கணிக்கின்றன என்று வெகுண்ட குடியானவர், 1911 ஏப்ரலில் ஆய் என்னும் ஊரில் மது மாளிகைகளைச் சூறையாடித் தீயிட்டனர். இன்று அங்கே ஒவ்வொரு புட்டியின் சீட்டிலும் பொடி எழுத்தில் ஒரு குறி இருக்கும்: ‘என்.எம்.’ என்றால் பழம் வாங்கிச் செய்த நிறுவனம், ‘ஆர்.எம்.’ என்றால் தானே பயிரிட்டுத் தானே வடித்தவர், ‘சி.எம்.’ என்றால் கூட்டுறவு. வாங்குபவர் ஏமாற வழியில்லை.

தேயிலைப் பொட்டலத்தில் அத்தகைய குறி இல்லை. அதன் வலியை நீலகிரியில் காணலாம். அங்கே 25 ஏக்கருக்கு உட்பட்ட சிறு விவசாயிகள் பல்லாயிரவர். பெரும்பாலோரிடம் இருப்பது ஓரிரு ஏக்கரே. கிள்ளிய கொழுந்து அன்றே ஆலை சேராவிடில் கெட்டுவிடும். பேரம் பேசக் காத்திருக்க முடியாது. ஆலை கொடுக்கும் விலையே விலை. பின் அத்தூள் குன்னூர் ஏலத்துக்குப் போய், வேறு பெயர் தாங்கிய பொட்டலத்தில் கரைந்துவிடும். இதற்கு மாற்றாகவே 1962-இல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலை ஆலை எழுந்தது. அவ்வகை ஆலைகளின் இணையமான இன்கோசர்வ் ‘ஊட்டி டீ’ என்ற பெயரில் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் விற்கிறது. பிறர் பெயருக்குள் மறையாமல், விளைவித்தவரின் கூட்டுறவே தன் பெயரில் விற்பது சிறிய செய்தியன்று.

பால் சேர்த்துக் காய்ச்சும் வீட்டுத் தேநீருக்கு, உருண்டையாக இருக்கும் சி.டி.சி. தூள் போதும், அதற்குப் பெயர்பெற்ற கலவையே நம்பகமானது. வெறுந்தேநீர் அருந்துவோர் முறுக்கிய இலைத் தேயிலையைத் தேட வேண்டும். தோட்டத்தின் பெயரும் பருவமும் அதில்தான் பேசும். நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரிவரை பனிக்குளிரில் கிள்ளிய கொழுந்தின் மணம் தனி.

இரண்டையும் வீட்டிலேயே ஒப்பிடலாம். நூறு மில்லிலிட்டர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிடம். சுவைஞர் உலகெங்கும் கொள்ளும் அளவு இது. பாலும் சர்க்கரையும் கூடாது. வெள்ளைக் கோப்பையில் ஊற்றி ஒளியில் பார்த்தால் நல்ல தேநீர் தெளிவாக மின்னும். பழையது மங்கிக் கிடக்கும். அதற்கும் முன்பாக, பொட்டலத்தைத் திருப்பி, யார் பயிரிட்டது, எந்த ஆலை, எந்த மாதம் என்று எழுதியிருக்கிறதா எனக் கடைக்காரரிடமே கேட்கலாம்.